காற்புள்ளிதானே என்று விட்டுவிடலாமா?

(செனாயில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தொழிலாளி தம் மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். "இந்த மாதம் ஓவர்டைம் பணத்தை நிறுத்திவிட்டார்களா?" என்பது கேள்வி. மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் பதில் தட்டுகிறார்: "நோ, ஓவர்டைம் வில் பி பெய்ட்." இல்லை, ஓவர்டைம் பணம் கொடுக்கப்படும் என்று பொருள். தொழிலாளிக்கு மகிழ்ச்சி.

இப்போது அதே பதிலில் 'நோ' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கள். "நோ ஓவர்டைம் வில் பி பெய்ட்." ஓவர்டைம் பணமே கிடையாது என்று ஆகிவிட்டது. சொற்கள் அதேதான், வரிசையும் அதேதான். கடுகளவு கோடு ஒன்று போனதும் ஒரு மாதக் கூடுதல் வருமானமும் சேர்ந்து போகிறது.

இது நான் கற்பனை செய்து சொன்ன உதாரணம். ஆனால், காற்புள்ளியால் பணம் கைமாறியதும் நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் உண்மையாக நடந்தவை. ஒரு மனிதரின் உயிர் தொடர்பான வழக்கில்கூட காற்புள்ளி விவாதத்துக்கு வந்தது. அவற்றில் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். செனாய், கூலாய் வட்டாரத்தில் தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவர்கள் கையெழுத்திடும் வேலை ஒப்பந்தம், வாடகைக் கொள்முதல் பத்திரம், காப்புறுதிப் பத்திரம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆகவே, இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய இலக்கணப் பாடம் என்று பெரியவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம்.

மூச்சுக்கா, பொருளுக்கா?

நம் தமிழ்ப்பள்ளிகளில் நிறுத்தக்குறிகளை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். காற்புள்ளி வந்தால் ஒரு மாத்திரை நேரம் நிறுத்து, அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. வாய்விட்டுப் படிப்பதற்கு இது நல்ல கணக்கு. நானும் செய்தி வாசிக்கும் தொழிலில் இருப்பதால் இதன் அருமை எனக்குத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று வாசிப்புத் தாளில் பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொண்டுதான் ஒலிவாங்கியின் முன்னால் உட்காருவோம்.

அந்தக் கணக்கையே ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் வைத்துக்கொண்டால் சிக்கல். ஆங்கிலத்தில் காற்புள்ளி முதலில் காட்டுவது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எந்தச் சொல் தனித்து நிற்கும் என்பதை. வாசிப்பவர் மூச்சு வாங்குவது அதற்குப் பிறகு வருகிற வசதி. "நேற்றுக் கூலாயிலிருந்து மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வந்த பையன் காய்ச்சலில் படுத்திருக்கிறான்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் எழுவாய் நீளமாக இருக்கும். நடுவில் மூச்சு வாங்கத் தோன்றும். ஆனால், அங்கே எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் ஒற்றைக் காற்புள்ளி போடுவது தவறு. மூச்சு முட்டினாலும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தமிழுக்கு இவ்வளவு கவலை ஏன் இல்லை?

நம் ஏட்டுச்சுவடிகளில் காற்புள்ளி கிடையாது. சொற்களுக்கு இடையே இடைவெளிகூட விடாமல் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போனார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சுக்கலையோடுதான் இன்று நாம் பயன்படுத்தும் குறிகள் தமிழுக்குள் நுழைந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இந்தக் குறிகள் இல்லாமலே நம்மவர்கள் இலக்கணமும் மருத்துவமும் எழுதிப் படித்து வாழ்ந்தார்கள்.

எப்படி முடிந்தது? எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைத் தமிழில் சொல்லின் வாலே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஐ, ஆல், கு என்ற வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. உம் இருக்கிறது. வல்லினம் மிகும் இடமும் மிகாத இடமும் இருக்கின்றன. 'வேலை கொடுத்தான்' என்றால் பிழைக்க ஒரு வேலை கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். நடுவில் நிற்கும் அந்த ஒரு 'க்' செய்யும் வேலையைப் பாருங்கள்!

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு இப்படி உருபுகள் ஒட்டுவதில்லை. சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும், எங்கே காற்புள்ளி விழுகிறது என்பதையும் வைத்துத்தான் பொருள் பிரிகிறது. "டோன்ட் கால், அண்ணி" என்று அனுப்பினால், "அண்ணி, போன் செய்யாதீர்கள்" என்று பொருள். காற்புள்ளியை விட்டுவிட்டு "டோன்ட் கால் அண்ணி" என்று அனுப்பினால், "அண்ணிக்குப் போன் செய்யாதே" என்று பொருள். தமிழில் 'அண்ணி' என்று விளிப்பதும் 'அண்ணிக்கு' என்று உருபு ஏற்பதும் காதிலேயே வேறுபட்டு ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டுவது காற்புள்ளி ஒன்றுதான்.

நான் இன்று சொல்ல வந்த செய்தியே இதுதான். நம் மொழியில் உருபு செய்கிற வேலையின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் காற்புள்ளி செய்கிறது. 'ஐ'யையும் 'உம்'மையும் தப்பாகப் போட்டால் நாம் சும்மா இருப்போமா? அதே அக்கறை இதற்கும் வேண்டும்.

பழச்செடி, பழமும் செடியுமான கதை

அமெரிக்காவில் 1870-இல் ஒரு சுங்கவரிச் சட்டம் இருந்தது. வளர்ப்பதற்காக இறக்குமதி செய்யப்படும் வெப்பமண்டலப் பழச்செடிகளுக்கு வரி கிடையாது என்பது அதில் ஒரு விதி. 'ஃப்ரூட்' என்ற சொல்லையும் 'பிளான்ட்ஸ்' என்ற சொல்லையும் ஓர் இணைப்புக்கோடு சேர்த்து வைத்திருந்தது. 1872-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அந்தக் கோடு இருந்த இடத்தில் காற்புள்ளி வந்துவிட்டது. 'பழச்செடிகள்' என்பது 'பழம், செடிகள்' என்று மாறிப்போனது.

வணிகர்கள் விடுவார்களா? சட்டத்தில் பழத்துக்கும் வரி இல்லை என்று இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை என்று இறக்குமதி செய்த பழங்களுக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டார்கள். அரசாங்கத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் இழப்பு என்று கணக்கிடப்பட்டது. அந்தக் காலத்தில் அது மலை போன்ற தொகை. 1874-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

தமிழில் 'பழச்செடி' என்று எழுதும்போது நடுவில் 'ச்' வந்து இரண்டு சொல்லையும் கட்டிப் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கட்டை அவிழ்க்க ஒரு காற்புள்ளி போதுமானதாக இருந்தது.

பால் லோரி ஓட்டுநர்களின் வழக்கு

இது நம் வட்டாரத்துத் தொழிலாளர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய கதை. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, அதன் ஓவர்டைம் விதிக்கு உட்பட்ட தொழிலாளி வழக்கமான வேலை நாளில் கூடுதல் நேரம் உழைத்தால் மணிக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு. ஆனால், கெட்டுப்போகும் உணவுப் பொருள் சார்ந்த சில வேலைகளுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது என்று சட்டம் விலக்கு வைத்திருந்தது.

அந்த விலக்குப் பட்டியலில் டின்னில் அடைத்தல், பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சேமித்து வைத்தல் என்று வரிசையாக வேலைகள் வருகின்றன. கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடிகிறது. 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி இல்லை.

இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொட்டலமிடுதல்" என்று எழுதலாம். அப்படியானால் அது பொட்டலமிடும் ஒரே வேலை. "அனுப்புவதற்காகப் பொட்டலமிடுதல், அல்லது விநியோகித்தல்" என்றும் எழுதலாம். அப்படியானால் பொட்டலமிடுவது ஒரு வேலை, விநியோகிப்பது இன்னொரு வேலை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தமிழில் எழுதவே முடியாது. ஆங்கிலத்தில் தேர்ந்தெடுக்காமலே எழுதிவிட்டார்கள். அங்கேதான் வினை.

ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் லோரி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். "நாங்கள் பாலை விநியோகிக்கிறோம். பொட்டலமிடுவதில்லை. பட்டியலில் இருப்பது பொட்டலமிடும் வேலைதான். ஆகவே, எங்களுக்கு ஓவர்டைம் உண்டு" என்றார்கள். "விநியோகம் தனி வேலையாகவே பட்டியலில் இருக்கிறது. உங்களுக்கு ஓவர்டைம் இல்லை" என்றது நிறுவனம்.

கீழ்நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு காற்புள்ளி இல்லாமல் போனதால் வந்த வழக்கு இது என்ற பொருளில்தான் அந்தத் தீர்ப்பே தொடங்குகிறது. காற்புள்ளி இல்லாததால் ஓட்டுநர்கள் சொல்வதே சரி என்று நீதிபதிகள் நேரடியாக முடிவு கட்டிவிடவில்லை. வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது என்றார்கள். ஊதியச் சட்டத்தில் அப்படிக் குழப்பம் வந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகப் பொருள் கொள்வது அந்த மாநிலத்தின் முறை. அந்த முறைதான் ஓட்டுநர்களைக் காப்பாற்றியது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

மெய்ன் சட்டமன்றம் பிறகு அந்தப் பட்டியலைத் திருத்தியது. வேலைக்கு வேலை அரைப்புள்ளி போட்டுப் பிரித்தது. 'விநியோகித்தல்' என்பதைத் தனி வேலையாகவே எழுதிவைத்தது. அதாவது, ஓட்டுநர்கள் பழைய பணத்தை வாங்கினார்கள், வருங்காலத்துக்கான கதவு மூடப்பட்டது. குறியைச் சரியாகப் போடுவது எப்போதும் தொழிலாளிக்கே நன்மை என்று நினைக்க வேண்டாம். ஆனால், குறி சரியாக இருந்தால் அவரவர் நிலை என்ன என்பது கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் ஒரு பட்டியல்

பட்டியலை எப்படிப் பிரிக்கிறோம் என்பது பெரிய அரசியல் பொருளாகவும் ஆகலாம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் முதல் விதி, இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். 1963-இல் மலேசியா உருவானபோது, மலாயா மாநிலங்கள் ஒரு பிரிவாகவும், போர்னியோ மாநிலங்களான சபாவும் சரவாக்கும் ஒரு பிரிவாகவும், சிங்கப்பூர் ஒரு பிரிவாகவும் எழுதப்பட்டிருந்தன. சிங்கப்பூர் 1965-இல் பிரிந்து சென்றது.

1976-இல் அந்த விதி மாற்றப்பட்டது. ஜொகூர், கெடா, கிளந்தான் என்று தொடங்கி 13 மாநிலங்களும் அகர வரிசையில் ஒரே பட்டியலாக்கப்பட்டன. பெர்லிசுக்கும் சிலாங்கூருக்கும் நடுவில் சபாவும் சரவாக்கும் காற்புள்ளிகளுக்கு இடையே வந்து உட்கார்ந்தன. ஒரு பட்டியலில் காற்புள்ளி போட்டு அடுக்கினால், அடுக்கப்பட்டவை எல்லாம் ஒரே தரத்தவை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். "நாங்கள் 13-இல் ஒன்றாக வந்தவர்கள் இல்லை" என்ற மனக்குறை அந்த இரண்டு மாநிலங்களிலும் நீண்ட காலம் இருந்தது.

2019 ஏப்ரலில் கொண்டுவந்த திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. இப்போது மலாயா மாநிலங்கள் ஒரு பிரிவு, போர்னியோ மாநிலங்கள் ஒரு பிரிவு என்று மீண்டும் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிக்கலுக்குக் காற்புள்ளி மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பட்டியலின் அமைப்பே ஒரு கருத்தைச் சொல்லிவிடும் என்பதற்கு நம் வீட்டு உதாரணம் இது.

வாலில் தொங்கும் சொற்கள்

தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றோடு முடிந்துவிடும். 'ஆனால்', 'தவிர', 'இருந்தால்' போன்ற நிபந்தனைகளை எல்லாம் வினைமுற்றுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கில வாக்கியம் முடிந்த பிறகும் வால் வளரும். அந்த வால் வாக்கியம் முழுவதற்கும் சொந்தமா, கடைசித் துண்டுக்கு மட்டும் சொந்தமா?

கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடையே, கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றி ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நீடிக்கும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து ஒரு தரப்பு ரத்து செய்தால் தவிர என்பது அதன் சாரம். 'தவிர' என்ற அந்த வாலுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருந்தது.

முதல் ஐந்து ஆண்டுக்கு யாரும் கை வைக்க முடியாது என்று ரோஜர்ஸ் நம்பியிருந்தது. காற்புள்ளி இருப்பதால் ரத்து செய்யும் உரிமை முதல் ஐந்து ஆண்டுக்கும் பொருந்தும் என்றது அலையன்ட். 2006-இல் கனடாவின் ஒழுங்குமுறை ஆணையம் காற்புள்ளியின் பக்கம் நின்று அலையன்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விவகாரத்தில் இருந்த தொகை சுமார் 20 லட்சம் கனடிய டாலர் என்று செய்திகள் கூறின.

ரோஜர்ஸ் விடவில்லை. அந்த ஒப்பந்த மாதிரிக்குப் பிரெஞ்சு மொழியிலும் ஒரு வடிவம் இருந்தது. பிரெஞ்சில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ரத்து செய்யும் உரிமை தொடரும் காலத்துக்கு மட்டும்தான் என்று தெளிவாக இருந்தது. 2007-இல் ஆணையம் பிரெஞ்சு வடிவத்தை ஏற்றுத் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஒரு மொழி மறைத்ததை இன்னொரு மொழி காட்டிக் கொடுத்துவிட்டது. மூன்று மொழிகளோடு வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உயிரைத் தொட்ட வழக்கு

ரோஜர் கேஸ்மன்ட் என்பவர் பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்தவர். பின்னர் அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடினார். முதல் உலகப் போரின்போது ஜெர்மனிக்குச் சென்று உதவி கேட்டார். 1916 ஏப்ரலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து அயர்லாந்தில் இறங்கியதும் பிடிபட்டார். அவர்மேல் போட்ட தேசத்துரோக வழக்குக்கு அடிப்படை 1351-ஆம் ஆண்டுச் சட்டம். பழைய நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. நம் ஓலைச்சுவடி போலவே இன்றைய முறைப்படியான நிறுத்தக்குறிகள் அதில் இல்லை.

அரசரின் நாட்டுக்குள் எதிரிகளோடு சேர்ந்து, அவர்களுக்கு நாட்டிலோ வேறெங்குமோ உதவி செய்வது குற்றம் என்பது அந்த வாக்கியத்தின் சாரம். கடைசியில் வரும் 'வேறெங்குமோ' என்ற சொல் எதோடு சேரும்? கேஸ்மன்ட் செய்ததாகச் சொல்லப்பட்ட செயல் ஜெர்மனியில் நடந்தது. நாட்டுக்கு வெளியே நடந்த செயல் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று அவருடைய வழக்குரைஞர் வாதாடினார். 'வேறெங்குமோ' என்பதைத் தனித்துப் பிரித்து வாக்கியம் முழுவதற்கும் பொருத்தினால், எங்கே செய்திருந்தாலும் குற்றம்தான். நீதிபதிகள் மூல ஆவணத்தையே நேரில் பார்வையிட்டார்கள். வாதம் எடுபடவில்லை. மேல்முறையீடும் தள்ளுபடியானது. 1916 ஆகஸ்ட் 3-இல் கேஸ்மன்ட் தூக்கிலிடப்பட்டார். காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர் என்ற பேச்சு இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாருக்குமா, சிலருக்கா?

தமிழில் குழப்பமே வராது என்று நான் சொல்லவில்லை. "ஜூனில் சேர்ந்த தொழிலாளர்களுக்குப் போனஸ் உண்டு" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எல்லாரும் ஜூனில் சேர்ந்தவர்களா, அல்லது ஜூனில் சேர்ந்த சிலருக்கு மட்டும் போனஸா? நம் பெயரெச்சம் அதைச் சொல்லாது. இங்கே ஆங்கிலத்துக்குத்தான் வசதி அதிகம்.

"த வொர்க்கர்ஸ் ஹூ ஜாய்ன்ட் இன் ஜூன் வில் கெட் எ போனஸ்" என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் ஜூனில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். 'வொர்க்கர்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றும், 'ஜூன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் போட்டுவிட்டால் அத்தனை பேருக்கும் போனஸ். அவர்கள் எல்லாரும் ஜூனில் சேர்ந்தவர்கள் என்பது கூடுதல் தகவல் ஆகிவிடும். இது ஜோடியாக வரும் காற்புள்ளி. மாட்டு வண்டியின் இரண்டு சக்கரம் போல. ஒன்றைப் போட்டு ஒன்றை மறந்தால் வண்டி சாய்ந்துவிடும்.

பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் காணும் சில தவறுகள் தமிழிலிருந்து வருபவை. "கடைக்குப் போய், அரிசி வாங்கி, வீட்டுக்கு வந்தேன்" என்று வினையெச்சங்களைக் காற்புள்ளி போட்டு அடுக்குவது நமக்கு இயல்பு. அதே பழக்கத்தில் "ஐ வென்ட் டு த ஷாப், ஐ பாட் ரைஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அவை இரண்டு முழு வாக்கியங்கள். காற்புள்ளிக்கு அவற்றைத் தாங்கும் வலு இல்லை. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது 'அண்ட்' என்ற இணைப்புச் சொல் வேண்டும்.

இன்னொன்று, நன்றியுரையில் வரும் தவறு. "ஐ தேங்க் மை பேரன்ட்ஸ், த ஹெட்மாஸ்டர் அண்ட் த மினிஸ்டர்" என்று எழுதினால், தலைமையாசிரியரும் அமைச்சரும்தான் என் பெற்றோர் என்று குறும்புக்காரர் படிக்கலாம்! 'ஹெட்மாஸ்டர்' என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு காற்புள்ளி போட்டால் மூன்று தரப்பும் பிரிந்து நிற்கும். தமிழில் பெற்றோருக்கும், தலைமையாசிரியருக்கும், அமைச்சருக்கும் என்று ஒவ்வொன்றிலும் 'உம்' போட்டுவிடுவதால் இந்தக் கேலிக்கு இடமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஆங்கிலத்தில் புலமை பெற்ற பிறகுதான் இதைக் கவனிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். நமக்குத் தெரிந்த தமிழை வைத்தே ஆங்கில வாக்கியத்தைச் சோதிக்கலாம்.

ஒன்று, உருபுச் சோதனை. வாக்கியத்தில் ஒருவர் பெயர் வந்தால், தமிழில் அவரை அழைக்கிறோமா, அவருக்கு 'ஐ' அல்லது 'கு' போடுகிறோமா என்று பாருங்கள். அழைப்பதானால் காற்புள்ளி கட்டாயம்.

இரண்டு, உம் சோதனை. பட்டியல் வந்தால் ஒவ்வொன்றோடும் 'உம்' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். எத்தனை 'உம்' வருகிறதோ அத்தனை பொருள். கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு குழப்பினால், நடுவில் காற்புள்ளி தேவை.

மூன்று, எடுத்துப் பார்க்கும் சோதனை. இரண்டு காற்புள்ளிக்கு நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மறைத்ததால் கிடைக்கும் பொருளை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமானால் குறி சரி. முடியாது என்றால், எழுதியவரிடம் விளக்கம் கேளுங்கள்.

நான்கு, வால் சோதனை. கடைசியில் 'தவிர', 'வரை', 'நிபந்தனையோடு' என்று ஏதாவது தொங்கினால், அது எதுவரைக்கும் பொருந்தும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்பது உங்கள் உரிமை.

இப்போது கனடா வழக்கின் பாடத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் முக்கியமான வரி எது என்று பார்த்து, அதை நீங்களே தமிழிலோ மலாயிலோ ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே வரியை இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறது என்றால், அந்த வரியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். காற்புள்ளியைச் சேர்ப்பதோடு நிற்காமல், இரண்டு சிறிய வாக்கியமாக மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பளமும் வீடும் ஒரு காற்புள்ளியை நம்பித் தொங்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு காற்புள்ளியைச் சேர்த்திருந்தால், "இதற்கெல்லாமா மதிப்பெண் குறைப்பார்கள்?" என்று கோபப்படாதீர்கள். "இந்த இடத்தில் இது இல்லாவிட்டால் என்ன பொருள் வரும்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை தன் முதல் வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்போது ஒவ்வொரு வரியையும் நின்று நிதானித்துப் படிக்கும்.